வேரில் ஒட்டிய மண்

ரெய்னர்ஸ் லேன்,
14.10.1984

தம்பி பத்மநாதனுக்கு,

என் கையெழுத்தைக் கண்டதும் யாரோ போய்விட்டார்கள் என்று பயப்படாதே. எல்லோரும் இருக்கிறோம். அத்தானுக்குச் சீனி கூடின சலரோகம், அது பழைய புதினம். இத்தனை வருஷம் எழுதாத அக்கா இப்போது எதற்கு எழுதுகிறாள் என்று யோசிப்பாய். எனக்கு மரம் வேண்டும். எங்கள் குடும்பத்தில் மரத்தோடு சீவிக்கிற ஆள் நீ ஒருவன்தான்.

பக்கத்து வீட்டில் கலாவதி என்று ஒருத்தி இருக்கிறாள். சுதுமலைப் பக்கத்து ஆட்கள். நாங்கள் இந்த வீட்டை வாங்கின அதே வருஷம் வந்தவர்கள். வேலிக்கு மேலால் கறிவேப்பிலையும் கதையும் கைமாறாத நாளில்லை. என் மகள் வதனாவை அவள் சின்னப் பிள்ளையிலிருந்து பார்த்தவள்.

வைகாசியில் வதனாவுக்கு விம்பிள்டனில் ஒரு சம்பந்தம் பொருந்தி வந்தது. பொடியன் எஞ்சினியர். சாதகம் பொருந்தி, பொடியனும் பிள்ளையும் பார்த்துப் பேசி, வதனா முதல் தடவையாகச் சிரித்த முகத்தோடு வீட்டில் நடமாடினாள். கடைசியில் மாப்பிள்ளை பகுதி வழமைபோல அயலில் விசாரிக்கப் போனார்கள். கலாவதி தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு, "எனக்கொண்டும் தெரியாது. நீங்களே விசாரிச்சுப் பாருங்கோ" என்று சொல்லியிருக்கிறாள்.

அவ்வளவுதான். பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு ஒன்றும் தெரியாது என்றால் என்ன அர்த்தம் என்று நம் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வாயைத் திறந்து கெட்டதாக ஏதும் சொல்லியிருந்தாலாவது நான் போய் மறுத்திருப்பேன். சொல்லாததை எப்படி மறுப்பது? அடுத்த கிழமை மாப்பிள்ளை பகுதி விலகிவிட்டது. ஆவணியில் அதே பொடியனுக்குக் கலாவதியின் தமக்கை மகள் கழுத்தை நீட்டினாள். வதனா அறையை விட்டு வெளியே வருவதில்லை.

கலாவதியின் உயிர் அவளுடைய கிறீன்ஹவுஸில் இருக்கிறது. கத்தரி, பச்சைமிளகாய், ஆளுயரக் கறிவேப்பிலை. கோயிலில் அவளுக்குள்ள மரியாதை எல்லாம் அந்தக் கறிவேப்பிலையால் வந்தது. அதற்குச் சூரியன் எங்கள் வளவுக்கு மேலால்தான் போகிறது. போகாமல் செய்ய வேண்டும், மாரியிலும் கோடையிலும்.

இலை உதிராத மரம் என்றால் பைன் என்கிறார்கள். இந்த நாட்டு மரமாக இருந்தால் கவுன்சில் வாய் திறக்காது என்று அத்தான் சொல்கிறார். இந்த நாட்டுப் பைன் இரண்டு சாதி உண்டாமே. எது கெதியாய் வளரும், எது இருட்டாய் நிற்கும் என்று ஒப்பிட்டு எழுது. கன்றையும் நீயே அனுப்பு.

சிவமலர்


இன்வர்னஸ்,
3.11.1984

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. மனைவி மெற்றில்டா சுகம். ஆஸ்பத்திரியில் இப்போதும் நேர்ஸ் வேலைதான். மகள் அஞ்சலீனாவுக்குப் பதின்மூன்று வயது. நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். இந்த நாட்டுப் பைன் என்று உண்மையாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான், ஸ்கொட்ஸ் பைன். மற்றது கோர்சிக்கன் பைன். அது தெற்கே ஒரு தீவிலிருந்து இருநூறு வருஷத்துக்கு முன் வந்தது. வந்து கனகாலம் ஆனதால் சனம் அதையும் உள்ளூர் மரம் என்று நினைக்கிறது. உங்கள் கவுன்சில்காரனும் அப்படித்தான் நினைப்பான், கவலை வேண்டாம்.

இரண்டுக்கும் ஊசி இலை சோடி சோடியாகத்தான் வரும். ஸ்கொட்ஸ் பைனுக்கு ஊசி குட்டை, விரல் நீளம் வராது, சற்று முறுகி நீலம் பாய்ந்திருக்கும். வயதாக வயதாக மேல்மரத்தின் பட்டை செம்மஞ்சளாகும், கீழ்க்கொப்புகள் காய்ந்து விழும், இடையால் வெளிச்சம் புகும். பார்க்க வடிவான மரம். ஆனால் நீங்கள் வடிவுக்கு நடவில்லை.

கோர்சிக்கனுக்கு ஊசி இரண்டு மடங்கு நீளம், கரும்பச்சை, அடர்த்தி. நேராக ஏறும். தெற்கு இங்கிலாந்தின் சூட்டில் ஸ்கொட்ஸை முந்தும். லண்டன் களிமண்ணையும் அதுதான் கூடத் தாங்கும். நிழல் கனம். உங்கள் எண்ணத்துக்கு ஏற்றது கோர்சிக்கன்தான்.

பங்குனியில் நாற்றுமேடையிலிருந்து நானே கிண்டி அனுப்புகிறேன். வேலியோரமாக ஆள் நீளம் இடைவெளி விட்டு நடுங்கள். மரத்தோடு வேலை செய்கிறவனுக்கு அவசரம் கூடாது. காத்திருந்து எனக்குப் பழக்கம். நீங்களும் பழகிக்கொள்ளுங்கள்.

பத்மநாதன்


ரெய்னர்ஸ் லேன்,
20.8.1985

தம்பிக்கு,

எல்லாம் பட்டுப்போய்விட்டது.

ஈரச் சாக்கில் சுற்றி நீ அனுப்பின கன்றுக் கட்டை வந்த அன்றே பிரித்து, அத்தானை வேலைக்குப் போகவிடாமல் மறித்து, நீ சொன்னபடியே நட்டோம். சித்திரையில் பச்சையாய் நின்றது. ஆனியில் ஊசி நுனி மண்ணிறமானது. ஆடியில் தொட்டால் கொட்டுகிறது.

இது தானாகப் பட்ட மரமில்லை. வேலிக்கு அந்தப்பக்கத்திலிருந்து ஏதோ ஊற்றுகிறாள். ப்ளீச்சோ, சோப்புத் தண்ணியோ. நேற்று வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "ஐயோ அக்கா, பட்டுப்போச்சே" என்று கேட்டாள். அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். நான் உள்ளே வந்து, கையில் இருந்த கோப்பையைச் சிங்குக்குள் போட்டு உடைத்தேன்.

திரும்ப அனுப்பு. அதே கோர்சிக்கன்.

சிவமலர்


இன்வர்னஸ்,
6.9.1985

அக்காவுக்கு,

கேட்கக் கவலையாக இருக்கிறது. வரும் பங்குனியில் திரும்ப அனுப்புகிறேன். அதுவும் சரிவராவிட்டால் அடுத்த பங்குனியிலும் அனுப்புவேன். இங்கே கன்றுக்குப் பஞ்சமில்லை.

ஒன்று கேட்க வேண்டும். அன்றைக்கு மாப்பிள்ளை பகுதியிடம் கலாவதி என்ன சொன்னா? அதே வார்த்தைகளில் எழுதுங்கள். ஏன் கேட்கிறேன் என்று யோசிக்க வேண்டாம். எழுதும்போது நிதானமாக எழுதுங்கள்.

பத்மநாதன்


ரெய்னர்ஸ் லேன்,
8.11.1987

தம்பிக்கு,

உன் இரண்டாம் கட்டும் பட்டது, மூன்றாம் கட்டும் பட்டது. இனி எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன்.

போன மாதத்துப் புயலை நீயும் செய்தியில் பார்த்திருப்பாய். இந்த ரோட்டில் ஓக் மரங்கள் கார்களுக்கு மேல் கிடந்தன. கலாவதியின் கிறீன்ஹவுஸ் கண்ணாடி எல்லாம் நொறுங்கிப் புல்லில் பரவிக் கிடந்தது. நான் யன்னலடியில் கதிரை போட்டு இருந்து பார்த்தேன். அந்தச் சந்தோசம் ஒரு கிழமைதான். புருஷன் புதுக் கண்ணாடி போட்டுக் கொடுத்துவிட்டான், முந்தினதிலும் திறமாய்.

கறிவேப்பிலை மட்டும் திரும்ப வராது. அதைப் புயல் கொண்டுபோகவில்லை. புரட்டாதியில் அவர்கள் விம்பிள்டன் பிள்ளையார் கோயிலுக்குப் போன நேரம், வேலியில் ஒரு பலகை கழன்று கிடந்தது, அதற்குள்ளால் போய் அடிமரத்தில் உப்புத் தண்ணி ஊற்றினேன். என் மரங்களுக்கு ஊற்றினவளுக்கு நான் ஊற்றினேன், வேறொன்றுமில்லை. கோயிலில் எல்லோருக்கும் முன்னால் அந்தச் செடிக்காக அழுதாளாம். என் பிள்ளைக்காக யாரும் அழவில்லை.

வதனா லெஸ்டருக்குப் போய்விட்டாள். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். கலியாணப் பேச்சு எடுத்தால் போனை வைத்துவிடுவாள். "இனி ஒருத்தரும் என்னைப்பற்றி ஒருத்தரிட்டையும் விசாரிக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள். உனக்கு விளங்குகிறதா, எனக்கு ஏன் அந்த இருட்டு வேண்டும் என்று?

கலாவதி சொன்னதை நீ கேட்டிருந்தாய். "எனக்கொண்டும் தெரியாது. நீங்களே விசாரிச்சுப் பாருங்கோ." நிதானமாகத்தான் எழுதியிருக்கிறேன். இதில் உனக்கு என்ன ஆராய்ச்சி என்று தெரியவில்லை. கன்றை அனுப்பு.

சிவமலர்


இன்வர்னஸ்,
1.3.1988

அக்காவுக்கு,

நிதானமாக எழுதினதற்கு நன்றி. எழுதிவிட்டுத் திரும்ப வாசித்தீர்களா என்று தெரியவில்லை.

நாலாவது கட்டு இன்று தபாலில் போகிறது. நான் காய்ச்சலில் கிடந்ததால் இந்தமுறை கட்டினது வேறு ஆள். குறை நிறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பத்மநாதன்


ரெய்னர்ஸ் லேன்,
12.6.1993

பத்மநாதனுக்கு,

நாலாவது கட்டில் ஒன்று பிழைத்தது. மூன்று கடிதம் போட்டேன், நீ பதில் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று இப்போது விளங்குகிறது.

மற்றதெல்லாம் அந்த வருஷமே காய்ந்து போக, இது ஒன்று மட்டும் நின்றது. போன வருஷம் வேலியைத் தாண்டியது. பக்கத்தில் போய்ப் பார்த்தால் ஊசி குட்டை. முறுகியிருக்கிறது. நீலம் பாய்ந்திருக்கிறது. உன் முதல் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். இது கோர்சிக்கன் இல்லை, ஸ்கொட்ஸ் பைன். உன்னுடைய ஆள் தவறிப்போய் ஒன்றைச் சேர்த்துக் கட்டியிருக்கிறான்.

ஒரே கட்டு, ஒரே மண், ஒரே தண்ணி. கலாவதி ஊற்றியிருந்தால் இதற்கு மட்டும் ஏன் ஊற்றாமல் விட்டாள்? ஹரோ நூல்நிலையத்துக்குப் போனேன். இங்கிலீசுப் புத்தகம், மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு பின்னேரம் முழுக்க இருந்தேன். கோர்சிக்கன் கன்றை மண்ணை உதறி வெறும் வேரோடு கிண்டி அனுப்பினால் பெரும்பாலும் பிழைக்காதாம். சட்டியில் வளர்த்து, மண்ணோடு இடம் மாற்ற வேண்டுமாம். ஸ்கொட்ஸ் பைன் அப்படியில்லை, வெறும் வேரையும் தாங்குமாம்.

இது நாற்றுமேடையில் முதல் நாள் வேலைக்குச் சேர்ந்தவனுக்கே தெரிந்த விஷயமாக இருக்கும். உனக்குத் தெரியாதா? நாலு தரம் நட்டேன். நாலு தரம் உன்னை நம்பினேன். அவள் தொடாத மரத்துக்காக அவளுடைய கறிவேப்பிலையைக் கொன்றேன். அதற்காக அவளிடம் போய் நிற்கப் போவதில்லை, வதனாவின் கணக்கு வேறு. ஆனால் உன் கணக்கு என்ன? நான் உனக்கு என்ன செய்தேன்?

சிவமலர்


இன்வர்னஸ்,
27.6.1993

அக்காவுக்கு,

கடைசி வரியைப் பலதரம் வாசித்தேன். உண்மையாகவே கேட்கிறீர்கள் போலிருக்கிறது. ஆகவே சொல்கிறேன்.

1967. விம்பிள்டனில் உங்கள் வாடகை வீடு. நான் மேல் அறையில் இருந்து படித்துக்கொண்டிருந்த காலம். அருமைநாயகியை நான் விரும்பினது உங்களுக்குத் தெரியும். நீங்கள் என்னை அத்தானின் தங்கைக்கு என்று மனதில் வைத்திருந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். அருமைநாயகியின் தகப்பன் சபாரத்தினம் ஒரு சனிக்கிழமை என்னைப்பற்றி விசாரிக்க வந்தார். நான் வேலைக்குப் போயிருந்தேன். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தீர்கள். பொடியன் எப்படி என்று கேட்டார்.

"எனக்கொண்டும் தெரியாது அண்ணை. நீங்களே விசாரிச்சுப் பாருங்கோ."

அவர் வாயாலேயே பிறகு எனக்குச் சொன்னார். "கூடப் பிறந்தவளே ஒண்டும் தெரியாதெண்டால் நான் என்னெண்டு தம்பி குடுக்கிறது?" மாசியில் அவளைக் கனடாவுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். நான் படிப்பையும் சோதனையையும் விட்டுவிட்டு, லண்டனிலிருந்து நேர் ரெயில் போகிற கடைசி ஊர் எது என்று கேட்டு டிக்கட் எடுத்தேன். காட்டில் வேலை கிடைத்தது. மெற்றில்டா கிடைத்தா. குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்த வார்த்தை எனக்குள் அப்படியே கிடந்தது.

உங்கள் முதல் கடிதத்தில் அதே வார்த்தையைக் கண்டேன். கலாவதி செய்த பாவமாக எழுதியிருந்தீர்கள். கையெழுத்து அவ்வளவு நேராக இருந்தது. அந்த இடத்தில் ஒரு வரி, "நானும் உனக்கு இப்படிச் செய்தேன்" என்று ஒரு வரி இருந்திருந்தால், வேண்டாம், பேனை நின்ற ஒரு அடையாளம் இருந்திருந்தாலே போதும், சட்டியோடு லொறியில் அனுப்பியிருப்பேன். இல்லை. பிறகு நானே திரும்ப எழுதும்படி கேட்டேன். எழுதினீர்கள். அப்போதும் உங்களுக்கு நினைவு வரவில்லை.

முதல் மூன்று முறையும் கன்றுகளை நான்தான் கிண்டினேன், நாலாவது முறை என் சொற்படி அந்த ஆள். வேரை உதறி, காற்றில் காயவிட்டு, பிறகு சாக்கை நனைத்துச் சுற்றினேன். மரத்தைப்பற்றி ஒரு பொய்யும் எழுதவில்லை. நான் எழுதின ஒப்பீடு இன்றைக்கும் சரி. வேரைப்பற்றி மட்டும் ஒன்றும் சொல்லாமல் விட்டேன். எங்கள் குடும்பத்துக்குப் பழக்கமான வேலைதானே.

எனக்கு இதில் வெட்கமில்லை. ஒவ்வொரு கோடையும் உங்கள் வேலியோரத்தில் காய்ந்து நிற்கும் என்று நினைத்துப் பார்ப்பேன், அன்றைக்கு நன்றாகச் சாப்பிடுவேன். இனி எழுத வேண்டாம்.

பத்மநாதன்


ரெய்னர்ஸ் லேன்,
7.7.1996

பத்மநாதனுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதவில்லை. இப்போது எழுத ஒரு காரணம் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு வந்தது.

வெஸ்ட் ஈலிங்கில் இருந்து தியாகராஜா என்று ஒருவரும் மனைவியும் நேற்று வந்தார்கள். மகன் பல் டொக்டர். உன் மகள் அஞ்சலீனா அவர்களுக்குப் பக்கத்து மருந்துக்கடையில் வேலை செய்கிறதாம். பிள்ளையைப் பார்த்தார்களாம், பிடித்துக்கொண்டதாம். உன்னோடும் ஒருதரம் போனில் கதைத்திருக்கிறார்கள். தாய் சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரி என்பதைப் பெரிதாக எடுக்கவில்லை. தகப்பன் பகுதி எப்படி என்று அறியத்தான் வந்தார்கள். லண்டனில் உனக்கு இரத்த உறவு என்று நான் ஒருத்திதானே.

தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். யன்னலுக்கு வெளியே உன் மரம் நின்றது, இப்போது மேல்மாடி யன்னல் உயரம். அந்த மனுஷி கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப சொல்லுங்கோ அக்கா, உங்கடை தம்பி வீட்டுப் பிள்ளை எப்பிடி?" என்று கேட்டா.

நான் பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்று எழுதமாட்டேன். காத்திருந்து பழகின ஆள் நீ.

சிவமலர்


இன்வர்னஸ்,
10.8.1996

அக்கா,

ஒரு மாதமாகிறது. அவர்களிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. நான் போன் எடுத்தால் மனைவி கோயிலில், அவர் வெளியில் என்கிறார்கள். இதற்கு என்ன அர்த்தம் என்று நம் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அஞ்சலீனாவுக்கு அந்தப் பொடியனைப் பிடித்திருக்கிறது. போனில் ஒன்றும் கேட்கமாட்டாள், "அப்பா, வேறை புதினம் ஏதும் இருக்கோ?" என்று மட்டும் கேட்பாள். அதைக் கேட்க என்னால் ஏலாமல் இருக்கிறது. மெற்றில்டா இரவில் செபமாலையோடு இருக்கிறா. என்ன நடந்தது என்று அவவுக்கு இப்போதுதான் எல்லாம் சொன்னேன். மரக்கதையைக் கேட்டுவிட்டு என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

நான் உங்களுக்குச் செய்ததை எனக்குச் செய்யுங்கள். என் வளவில் உள்ள எதையாவது பட்டுப்போக வையுங்கள். பிள்ளையை விட்டுவிடுங்கள். அவளுக்கு உங்கள் முகமே தெரியாது.

அவர்களிடம் நீங்கள் என்ன சொன்னீர்கள்? அதே வார்த்தைகளில் எழுதுங்கள்.

தம்பி


ரெய்னர்ஸ் லேன்,
19.8.1996

தம்பி பத்மநாதனுக்கு,

என் முகம் அவளுக்குத் தெரியாது, உண்மை. அவள் முகம் எனக்குத் தெரியும். தையில் வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்குச் சினேகிதியோடு வந்திருந்தாள். எங்கள் அம்மாவின் நெற்றி. சனத்துக்குள் என் செருப்பு காணாமல் போக, யாரென்று தெரியாமலே தேடி எடுத்து, குனிந்து காலடியில் வைத்துவிட்டுப் போனாள். பெயரைக் கேட்டுத்தான் யாரென்று அறிந்தேன். வீட்டுக்கு வந்து அத்தானிடம்கூடச் சொல்லவில்லை.

நீ கேட்ட வார்த்தைகள் இதோ. நிதானமாக எழுதுகிறேன்.

"நம்பி எடுங்கோ. பிள்ளையில ஒரு குறையும் இல்லை. தாயும் தங்கமான மனுஷியெண்டுதான் கேள்வி. தேப்பன்தான் கொஞ்சம் வஞ்சகன், அது எங்கடை பரம்பரைக் குணம், பிள்ளைக்கு வரேல்லை."

தியாகராஜா சிரித்துவிட்டார். மனுஷி அப்போதே உனக்குப் போன் எடுக்க எழும்பினா. நான்தான் இருத்தினேன். ஆடி பிறக்கப் போகிறது, எங்கள் பகுதியில் ஆடியில் நல்ல வார்த்தை பேசுகிற வழக்கமில்லை, ஆவணி பிறக்கும்வரை தம்பி வீட்டோடு ஒரு கதையும் வேண்டாம், பொடியனும் பிள்ளைக்கு வாய் திறக்கக்கூடாது என்று பெரிய மனுஷியாகச் சொன்னேன். மரியாதையான சனம், சொன்னபடி நடந்தார்கள். நேற்று முன்தினம் ஆவணி பிறந்துவிட்டது. இந்தக் கடிதம் வருவதற்குள் உனக்குப் போன் வந்திருக்கும்.

நீ எனக்கு நான்கு கோடை தந்தாய், நான் உனக்கு ஒரு மாதம்தான் தந்தேன். ஆகவே நான் கூடுதலாக ஒன்றும் எடுத்துவிடவில்லை. உன் கடிதம் வந்த அன்று நானும் நன்றாகச் சாப்பிட்டேன். அருமைநாயகியின் தகப்பனுக்கு நான் சொன்னதைப்பற்றி இதில் எழுதப் போவதில்லை. எழுதுகிற விஷயமில்லை அது. நேரில் வா, உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடிகிறதா பார்க்கிறேன்.

கலியாணப் பேச்சுக்கால் இந்த வீட்டில்தான். பெண் வீட்டுக்காரராக நீயும் மெற்றில்டாவும் என் முன்னறையில் இருக்க வேண்டும். வதனாவும் வருகிறேன் என்றிருக்கிறாள், மச்சாளைப் பார்க்க. வேறு எதற்குமில்லை, கேட்டுவிடாதே.

கலாவதி புதுக் கறிவேப்பிலை வைத்திருக்கிறாள். இடுப்பளவு வந்துவிட்டது. நீ தவறி அனுப்பின ஸ்கொட்ஸ் பைனின் இடையால் வெயில் தாராளமாக அதற்குப் போகிறது. கிறீன்ஹவுஸ் கதவடியில் நின்று எனக்குக் கை காட்டுகிறாள். நானும் காட்டுகிறேன். அவள் வதனாவுக்குச் செய்ததற்கு ஆடியும் இல்லை, ஆவணியும் இல்லை, அது தீராத கணக்கு.

காரில் வரும்போது கோர்சிக்கன் கன்று கொண்டுவா. சட்டியோடு. கதவைத் திறக்கமுதல் வாசலில் வைத்துச் சட்டியைக் கழற்றி, வேரில் மண் இருக்கிறதா என்று கை விட்டுப் பார்ப்பேன்.

அக்கா